பரிசளித்தவரின் கடன்

(நாகர்கோவிலில் திரைப்பட ஆர்வலர்கள் கூடிய ஒரு மாலை அமர்வில் நிகழ்த்திய சொற்பொழிவு. அச்சுக்காகச் சில இடங்களில் மட்டும் செப்பனிடப்பட்டது.)



வடசேரியில் பஸ் ஏறினால் ஒரு சினிமா ஓடி முடிகிற நேரத்துக்குள் திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கிவிடலாம். களியக்காவிளையில் நெரிசல் இல்லாவிட்டால் இன்னும் சீக்கிரம். தம்பானூரிலிருந்து நடக்கிற தூரத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா என்று மூன்று அரங்குகள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமானவை. ஆண்டுக்கொரு முறை, பெரும்பாலும் மழைக்கால மாதங்களில், ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்குமான சர்வதேச விழா ஒன்று திருவனந்தபுரத்தில் இந்த அரங்குகளில் நடக்கிறது. கேரள மாநில சலச்சித்ர அகாடமி இந்த விழாவை 2008இல் தொடங்கியது. கொரோனாவால் நேர்ந்த தடங்கலைத் தவிர இன்றுவரை விடாமல் நடத்திவருகிறது. டிசம்பரில் நடக்கும் பெரிய விழாவுக்கு, அதாவது கதைப்படங்களின் விழாவுக்கு, நம் பக்கத்திலிருந்து ஆட்கள் பை தூக்கிக்கொண்டு போகிறார்கள். இதற்குப் போகிறவர்கள் குறைவு. ஆள் பிடிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த விழாவில் பேசுவதற்கு எவ்வளவோ உண்டு. நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: அங்கே ஆண்டுதோறும் கொடுக்கப்படும் விருதுகள்.

விருது என்றதும் சிலர் முகத்தில் ஒரு சிரிப்பு வருவது தெரிகிறது. நியாயம்தான். விருதுகளைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் யாருக்குக் கிடைத்தது, யார் சொல்லிக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்பதோடு முடிந்துவிடும். சினிமா உலகைப் பொறுத்தவரை அந்தச் சலிப்பு சரி. கதைப்படத்துக்கு விருது என்பது சாப்பாடு முடிந்த பிறகு வருகிற பாயசம். படம் ஏற்கெனவே ஓடியிருக்கும், அல்லது ஓடாமல் போயிருக்கும். கணக்கு முடிந்த கதை. ஆவணப்படக்காரருக்கு அந்தப் பாயசம்தான் இலையில் விழுகிற முதல் உணவு. அவருக்குத் தியேட்டர் கிடையாது. வாங்குவதற்குத் தொலைக்காட்சி கிடையாது. ஓடிடி நிறுவனங்கள் குற்றக் கதைகளையும் பிரபலங்களின் வாழ்க்கையையும் கேட்கின்றன. துப்புரவுத் தொழிலாளரைப் பற்றியோ நிலம் பறிபோன ஊரைப் பற்றியோ ஒருவர் ஐந்து வருடம் எடுத்த படத்தைக் கேட்பதில்லை. முன்பெல்லாம் பிலிம்ஸ் டிவிஷன் என்று ஒன்று இருந்தது. 1948இல் வந்தது. படம் தொடங்குவதற்கு முன்னால் நியூஸ் ரீல் போடுவார்களே, அது. அரசு விளம்பரம்தான் பெரும்பகுதி. ஆனாலும் அதற்குள்ளிருந்தே எஸ். சுக்தேவ், எஸ்.என்.எஸ். சாஸ்திரி மாதிரி ஆட்கள் வேலை செய்தார்கள். 2022இல் அதையும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஆக, மிச்சமிருப்பது விழாக்களும் விருதுகளும்.

தொகையை முதலில் பார்த்துவிடலாம், எல்லோரும் மனதுக்குள் கேட்கிற கேள்வி அதுதானே. திருவனந்தபுரத்தில் சிறந்த நீள ஆவணப்படத்துக்கு 2 லட்சம் ரூபாய். நாற்பது நிமிடத்துக்கு உட்பட்ட குறும் ஆவணப்படத்துக்கு 1 லட்சம். வாழ்நாள் சாதனையாளருக்கு 2 லட்சம். இந்தத் தொகையில் ஒரு படத்தின் ஒளிப்பதிவாளர் சம்பளத்தைக்கூடப் பாக்கியில்லாமல் தீர்க்க முடியாது. நீள ஆவணப்படப் பரிசு பெறும் படம் ஆஸ்கார் போட்டிக்கு நேரே விண்ணப்பிக்கலாம் என்ற தகுதி வேறு இருக்கிறது. அதை விழாக் கையேட்டில் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவில் படத்தை வாக்காளர் கண்ணில் படவைக்க ஆகும் செலவை நினைத்தால் அந்தத் தகுதியால் யாருக்கும் அடுப்பு எரியப்போவதில்லை.

அப்படியென்றால் அந்த விருதுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? கொடுத்தவர் அதற்குப் பிறகு என்ன செய்கிறார் என்பதிலிருந்து வருகிறது என்பது என் கட்சி. ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, இது நல்ல படம் என்று ஊரறியச் சொன்னவருக்கு ஒரு கடன் ஏற்பட்டுவிடுகிறது. அந்தப் படத்தைக் காட்டியாக வேண்டிய கடன். நம் நாட்டில் இந்தக் கடனை எப்படிக் கழித்திருக்கிறார்கள் என்பதற்கு ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தனின் வரலாறு ஒன்றே போதும்.

அவருடைய ‘ராம் கே நாம்’ 1992இல் முடிந்தது. அயோத்தியில் மசூதி இடிக்கப்படுவதற்கு முன்பே, அங்கே என்ன நடக்கப்போகிறது என்பதை அந்த ஊர் மனிதர்களின் வாயாலேயே சொன்ன படம். சிறந்த புலனாய்வுப் படம் என்று தேசிய விருது கொடுத்தார்கள். கொடுத்தது இந்திய அரசு. அதே இந்திய அரசின் தூர்தர்ஷன் அதை ஒளிபரப்ப மறுத்தது. பட்வர்தன் நீதிமன்றத்துக்குப் போனார், வருடங்கள் ஓடின, மசூதி இடிந்து, கலவரங்கள் முடிந்து, படம் எதைத் தடுக்க நினைத்ததோ அதெல்லாம் நடந்தேறிய பிறகு நீதிமன்ற உத்தரவின் பேரில் ஒளிபரப்பானது. ஒரு அலுவலகத்தில் தங்கத்தாமரையும் வெள்ளித்தாமரையும் பட்டியலிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு அலுவலகத்தில் கேஸ் கட்டுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே அமைச்சகத்தின் கீழ்.

இதைக் கேட்டால் அரசு விருதே வேண்டாம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

2018இல் திருவனந்தபுரம் விழா வாழ்நாள் சாதனையாளர் விருது என்று ஒன்றைத் தொடங்கியது. முதல் விருது பட்வர்தனுக்கு. ஒரு மாநில அரசின் அகாடமி, எந்த அரசும் விரும்பாத ஒரு மனிதரை முதல் ஆளாக அழைத்தது. அடுத்த வருடம், 2019இல், அவருடைய ‘விவேக்’ படத்தை அதே விழாவில் போடுவதாக இருந்தது. ஏறக்குறைய நான்கு மணி நேரப் படம். தாபோல்கர், பன்சாரே, கல்புர்கி, கௌரி லங்கேஷ் என்று பகுத்தறிவாளர்கள் கொல்லப்பட்டதையும் அதன் பின்னால் இருந்த அரசியலையும் பின்தொடர்கிறது. ஆம்ஸ்டர்டாமில் முந்தைய ஆண்டுதான் முதல் பரிசு வாங்கியிருந்தது. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அனுமதி தரவில்லை.

அனுமதி எதற்கு என்று கேட்பீர்கள். இந்தியாவில் பொதுவில் காட்டுகிற எந்தப் படத்துக்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். 1952ஆம் ஆண்டுச் சட்டம். விழாக்களில் சான்றிதழ் இல்லாத படங்களைக் காட்ட அதே சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி மத்திய அரசு விலக்கு அளிக்கலாம். ‘அளிக்கலாம்’ என்று இருப்பதால் அளிக்காமலும் இருக்கலாம். தணிக்கை என்றால் முத்தக் காட்சி, சண்டைக் காட்சி என்று நினைக்கிறோம். ஆனால் முன்தணிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1970இல் சொன்ன அந்தப் புகழ்பெற்ற வழக்கு, கே.ஏ. அப்பாஸ் எடுத்த ஒரு ஆவணப்படத்தைப் பற்றியது. ‘நான்கு நகரங்களின் கதை’. கால் மணி நேரம் ஓடுகிற சின்னப் படம். பெருநகரங்களில் பணக்காரர் வாழ்வையும் ஏழைகள் வாழ்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. அதற்குத்தான் அவ்வளவு பெரிய வழக்கு. ஆவணப்படக்காரர்கள் சட்டத்தின் மீது எப்போதும் ஒரு கண் வைத்திருப்பது இதனால்தான்.

‘விவேக்’ விவகாரம் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விழா முடிகிற கட்டத்தில் நீதிமன்றம் திரையிட அனுமதித்தது. படம் ஓடியது. இதற்கு இரண்டு வருடம் முன்பு, 2017இல், இதே விழாவில் மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டிருந்தது. தற்கொலை செய்துகொண்ட ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவைப் பற்றி பி.என். ராமச்சந்திரா எடுத்த படம் ஒன்று. காஷ்மீரின் இளம் கலைஞர்களைப் பற்றி ஒன்று. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர் போராட்டத்தைப் பற்றி ஒன்று. அப்போது அகாடமியின் தலைவராக இருந்தவர் இயக்குநர் கமல். மூன்று தலைப்புகளையும் நிகழ்ச்சி நிரலிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, வேறு மூன்றைச் சேர்த்து அச்சடித்துவிட்டுப் போயிருக்கலாம். பெரும்பாலான விழாக்கள் அதைத்தான் செய்யும். அகாடமி வெளிப்படையாகக் கண்டித்தது. பத்திரிகைகளில் வந்தது, கல்லூரிகளில் பேச்சானது. காஷ்மீர் படத்தைக் கேரளத்தின் பல வளாகங்களில் மாணவர்கள் தாங்களே திரையிட்டார்கள். மறுக்கப்படாமல் இருந்திருந்தால் அத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

கேரளத்தில் ஆட்சி மத்திய ஆட்சிக்கு எதிர்க்கட்சி, அதனால் இந்த வீரம் என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும், அதில் உண்மை இருக்கிறது. தில்லியை விமர்சிக்கிற படத்துக்காகத் திருவனந்தபுரம் வழக்காடுவதில் அரசியல் லாபம் உண்டு. திருவனந்தபுரத்தையே விமர்சிக்கிற படம் வந்தால் என்ன செய்கிறார்கள் என்பதுதான் சோதனை. அங்கே பதில் அவ்வளவு பளிச்சென்று இல்லை.

பிளாச்சிமடையை எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுக்கா, நம் எல்லையை ஒட்டிய ஊர். இரவாளர், மலசர் பழங்குடியினர் வாழும் இடம். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்கள். 2000இல் அங்கே கொக்கோகோலா ஆலை வந்தது. கிணறுகள் வற்றின, தண்ணீர் கெட்டது. 2002 ஏப்ரலில் மயிலம்மா போன்ற பெண்கள் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 2004இல் ஆலை நின்றது. இதை ஆரம்பத்திலிருந்தே கேமராவோடு பின்தொடர்ந்தவர்கள் சி. சரத்சந்திரனும் பி. பாபுராஜும். 2003இல் ‘கசப்புப் பானம்’ என்ற பொருளில் ஒரு படம், 2006இல் ‘ஆயிரம் நாட்களும் ஒரு கனவும்’. எந்த அரசும் ஆலையை வரவேற்றதைப் பற்றிப் பெருமைப்பட முடியாதபடி எடுக்கப்பட்ட படங்கள். கேரளத்தின் இரண்டு அரசியல் முன்னணிகளுக்கும் அதில் சங்கடம் உண்டு.

இப்படிச் சங்கடம் தரும் படங்கள் மக்களிடம் எப்படிப் போயின என்பதற்குச் சரத்சந்திரனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். விருது மேடைக்காகக் காத்திருக்கிற ஆள் இல்லை அவர். புரொஜெக்டரைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். போராட்டப் பந்தலில், நூலகத் திண்ணையில், பள்ளிக்கூடத்தில் திரை கட்டிப் படம் போடுவார்; போட்டுவிட்டு உட்கார்ந்து பேசுவார். அடுத்தவர் படங்களையும் அதே அக்கறையோடு கொண்டுபோய்க் காட்டினார். திருச்சூரில் ‘விப்ஜியார்’ என்ற விழாவை நண்பர்களோடு சேர்ந்து கட்டியெழுப்பியவர்களில் ஒருவர். 2010இல் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து இறந்தார்.  கேரளத்தில் ஆவணப்படத்துக்குப் பார்வையாளர் கூட்டம் இருக்கிறதென்றால், அதில் பாதி அவரைப் போன்றவர்கள் கையால் நட்டது. மீதிப் பாதி அதற்கும் முந்தியது. எண்பதுகளில் ஜான் ஆபிரகாமும் ஒடேசா குழுவினரும் ஊர் ஊராகச் சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைக் காட்டி, மக்களிடம் காசு திரட்டி, 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார்களே, அந்த வழக்கம். (நம் ‘அக்ரகாரத்தில் கழுதை’ எடுத்த ஜான்தான்.) அதற்கும் முன்னால் 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணன் முதலானோர் தொடங்கிய சித்ரலேகா பிலிம் சொசைட்டி. அரசு விருது என்பது இந்த மண்ணின் மேல் கட்டிய மாடி. அஸ்திவாரத்தைப் போட்டது அரசு கிடையாது.

வாழ்நாள் விருதுக்கு வருகிறேன். 2018இல் பட்வர்தன் என்று சொன்னேன். 2019இல் மதுஸ்ரீ தத்தா. பம்பாய்க் கலவரத்துக்குப் பின்னால் பெஹ்ராம்பாடா என்ற குடிசைப் பகுதியைப் பற்றிப் படம் எடுத்தவர். 2022இல் ரீனா மோகன். இந்தியத் திரையின் முதல் நடிகைகளில் ஒருவரான கமலாபாய் கோகலேயை, அவர் முதுமையில் தனியாக வாழ்ந்த வீட்டிலேயே படம் பிடித்து, ‘கமலாபாய்’ என்று கொடுத்தவர். அந்தக் கிழவி கேமராவைப் பார்த்துச் சிடுசிடுப்பதும் கதை சொல்வதும் நடித்துக் காட்டுவதும், ஐயா, அதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2024இல் காட்டுயிர்ப் படங்கள் எடுத்த பேடி சகோதரர்கள். 2025இல் ராகேஷ் சர்மா. இவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் தனியாக ஒரு மாலை பேசலாம். எனக்கு இன்று 2023இல் விருது பெற்ற தீபா தன்ராஜைப் பற்றிப் பேசவேண்டும்.

1980இல் தீபா தன்ராஜும் நண்பர்களும் ‘யுகாந்தர்’ என்ற திரைக்குழுவைத் தொடங்கினார்கள். நாட்டில் பெண்கள் சேர்ந்து படம் எடுக்கிற குழு என்று ஒன்று அதற்கு முன் இருந்ததாகச் சொல்வது கடினம். மூன்று நான்கு வருடங்களில் நான்கு படங்கள். புனேயில் சங்கம் கட்டிய வீட்டு வேலைக்காரப் பெண்கள். கர்நாடகத்தின் நிப்பாணியில் வேலைநிறுத்தம் செய்த புகையிலைத் தொழிற்சாலைப் பெண்கள். ஆந்திரப் பெண்கள் அமைப்போடு சேர்ந்து எடுத்த, வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைப் பற்றிய தெலுங்குப் படம். சிப்கோ இயக்கத்தில் ஒரு மலைக் கிராமப் பெண். எடுப்பதற்கு முன்னால் அந்தப் பெண்களோடு மாதக் கணக்கில் பேசுவார்கள். எடுத்த பிறகு அவர்களிடமே போட்டுக் காட்டுவார்கள். இந்தப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர் நவ்ரோஸ் கான்ட்ராக்டர், தீபாவின் கணவர். மணி கௌலின் ‘துவிதா’வை ஒளிப்பதிவு செய்தவரும் அவரே. அந்தப் படத்தின் ராஜஸ்தான் வெயிலையும், நிப்பாணித் தொழிற்சாலையின் புகையிலைத் தூசையும் பிடித்தது ஒரே கண். 2023 ஜூனில் நவ்ரோஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். ஆகஸ்டில் தீபா தன்ராஜ் திருவனந்தபுரத்தில் விருதை வாங்கினார். சிறந்த ஆவணப்பட ஒளிப்பதிவுக்கு நவ்ரோஸ் பெயரிலேயே அந்த விழாவில் ஒரு விருது உண்டு. விருதுக்குப் பெயர் வைப்பது எளிது. பெரும்பாலும் பணம் கொடுத்தவர் பெயர், இல்லையென்றால் முன்னாள் முதலமைச்சர் பெயர். ஒரு ஒளிப்பதிவாளரின் பெயரை ஒளிப்பதிவுக்கே வைப்பது அபூர்வம்.

தீபா தன்ராஜின் பிற்காலப் படம் ஒன்று நம்முடையது. ‘இன்வோக்கிங் ஜஸ்டிஸ்’, 2011. புதுக்கோட்டையை மையமாகக் கொண்டு இயங்கிய முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் பற்றியது. ஆண்களே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிற ஜமாஅத்தில் பெண்களுக்கு இடமில்லை என்பதால், பெண்களே கூடித் தங்கள் வழக்குகளைப் பேசிய அமைப்பு. அந்தப் படத்தில் பேசப்படுவது தமிழ், நம் மாவட்டங்களின் தமிழ். இந்த அரங்கில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

2019இல் நீள ஆவணப்படப் பரிசு பெற்ற ‘ஜனனிஸ் ஜூலியட்’டும் அப்படித்தான். பங்கஜ் ரிஷி குமார் என்ற வடக்கத்திக்காரர் எடுத்தார். புதுச்சேரியின் இந்தியனோஸ்ட்ரம் நாடகக் குழு, சாதி ஆணவக் கொலைகளை மனதில் வைத்து ரோமியோ ஜூலியட்டை மேடையேற்றத் தயாராவதுதான் படம். ஒத்திகையில் நடிகர்கள் தங்கள் சாதி, தங்கள் காதல், தங்கள் அப்பா அம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். நாடகம் மெல்ல விலகி, ஆட்கள் தெரிகிறார்கள். தமிழில் ஆணவக் கொலையைப் பற்றிக் கதைப்படங்கள் நிறைய வந்துவிட்டன. இந்த நெருக்கம் அவற்றில் எதிலும் இல்லை என்பேன். கேரள நடுவர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். நாம்?

ஆண்டு விருது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஆவணப்படத்துக்கும் ஆண்டுக் கணக்குக்கும் ஒத்துவராது. 1997 ஜூலையில் பம்பாய் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்கு நேர்ந்த அவமதிப்பை எதிர்த்த தலித் மக்கள்மீது போலீஸ் சுட்டுப் பத்துப் பேர் இறந்தார்கள். அது தாளாமல் பாடகர் விலாஸ் கோக்ரே தூக்குப் போட்டுக்கொண்டார். பட்வர்தனின் நண்பர் அவர். அந்தத் துயரத்தில் தொடங்கிய ‘ஜெய் பீம் காம்ரேட்’ முடிய பதினான்கு வருடங்கள் ஆயின. இப்படிப்பட்ட படமும், ஒரு கல்லூரி மாணவர் மூன்று மாதத்தில் எடுத்த படமும் ஒரே விண்ணப்பப் படிவத்தில் ‘முடிவுற்ற ஆண்டு’ என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். ஆனாலும் ஆண்டு விருது வேண்டும் என்றே நினைக்கிறேன். காரணம் நடைமுறை சார்ந்தது. ஆவணப்படக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்: படம் முடியாது, ஒருநாள் விட்டுவிட வேண்டியிருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் நூற்றுக்கணக்கான மணி நேரப் புட்டேஜ் கிடக்கும். இன்னும் ஒரு பேட்டி, இன்னும் ஒரு மழைக்காலம் என்று மனம் இழுக்கும். கேட்கிற தயாரிப்பாளர் கிடையாது, ரிலீஸ் தேதி கிடையாது. விழாவின் கடைசித் தேதி ஒன்றுதான் அவரைப் பிடித்து எடிட்டிங் மேசையில் உட்காரவைக்கிறது.

ராகேஷ் சர்மாவின் கதையைச் சொல்லாமல் போனால் பேச்சு முழுமையாகாது. 2002 குஜராத் வன்முறையைப் பற்றி அவர் எடுத்த ‘ஃபைனல் சொல்யூஷன்’ 2004 தொடக்கத்தில் பெர்லினில் பரிசு வாங்கியது. அதே சமயம் மும்பையில் பிலிம்ஸ் டிவிஷன் நடத்திய சர்வதேச விழா அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த ஆண்டு விழாவில் இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம் என்று முதலில் ஒரு விதி வேறு கொண்டுவரப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் விதியைக் கைவிட்டார்கள். ஆனால் சங்கடமான படங்கள் தேர்வில் காணாமல் போயின. இயக்குநர்கள் ஒன்றுகூடி, ஒதுக்கப்பட்ட படங்களை வைத்தே ‘விகல்ப்’ என்ற மாற்று விழாவை மும்பையில் நடத்தினார்கள். சர்மா இன்னொரு வேலை செய்தார். படத்தின் பிரதியை இலவசமாகக் கொடுத்தார். வாங்குபவர் மேலும் பிரதியெடுத்துப் பரப்ப வேண்டும் என்பதே விலை. தன் படத்தைத் தானே திருட்டு விசிடியாக்கிய இயக்குநர். கடைசியில் அந்த வருடமே சான்றிதழும் வந்தது. இருபது வருடங்களுக்கு மேல் கழித்து அவருக்கு 2025இல் திருவனந்தபுரத்தில் வாழ்நாள் விருது. ஒரு அரசு நிறுவனம் கதவடைத்த படைப்பாளிக்கு இன்னொரு அரசு நிறுவனம் பொன்னாடை போர்த்தியது. 2023இல், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தில்லியில் நடந்த ஷாஹீன் பாக் போராட்டத்தைப் பற்றி நௌஷீன் கான் எடுத்த ‘லேண்ட் ஆஃப் மை ட்ரீம்ஸ்’ படத்துக்கு நீள ஆவணப்படப் பரிசு கொடுத்ததையும் இந்த வரிசையில்தான் பார்க்கிறேன்.

வெளியூர் நியாயம் பேசிவிட்டு நம் வீட்டைப் பார்க்காமல் போகக்கூடாது. 2017இல் திவ்யபாரதி ‘கக்கூஸ்’ எடுத்தார். மலக்குழியில் இறங்குகிறவர்களைப் பற்றிய படம். பல ஊர்களில் திரையிடக் காவல்துறை அனுமதி மறுத்தது. இயக்குநர் பழைய வழக்கொன்றில் கைது செய்யப்பட்டார். படம் கடைசியில் யூடியூபில்தான் மக்களிடம் போனது. அமுதன் ஆர்.பி. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மதுரையில் ‘பீ’ எடுத்தவர். மதுரையில் 1998இலிருந்து அரசுப் பணம் இல்லாமல், ‘மறுபக்கம்’ நண்பர்களோடு ஆவணப்பட விழா நடத்திவருபவரும் அவரே. கல்லூரி அரங்கு, நாடகக் கூடம், கிடைத்த இடம். தமிழ்நாட்டில் ஆவணப்பட ரசனை என்று ஏதாவது உண்டென்றால் இப்படிப்பட்ட ஆட்களின் கைக்காசில் வந்தது. கேரளத்தின் சரத்சந்திரன்களுக்குச் சமமான ஆட்கள் நம்மிடமும் இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்களுக்கு மேல் ஒரு மாடி கட்டுவதற்குத்தான் யாரும் வரவில்லை.

எனவே தமிழ்நாட்டிலும் ஆவணப்படத்துக்கு ஒரு ஆண்டு விருது வேண்டும் என்று யாராவது தீர்மானம் போட்டால் நான் கையெழுத்திடுவேன். கையெழுத்திடுவதற்கு முன் சில ஷரத்துகள் கேட்பேன். பரிசு அறிவித்த ஒரு வருடத்துக்குள் அந்தப் படத்தை மாவட்டத் தலைநகரங்களில் காட்டியிருக்க வேண்டும். காட்ட முடியாமல் தடை வந்தால் வழக்குச் செலவு விருது கொடுத்தவருடையது. முதல் திரையிடல் சென்னையில் வேண்டாம். எந்த ஊரில் எடுக்கப்பட்டதோ அந்த ஊரில் நடக்கட்டும். பெண்கள் ஜமாஅத் படம் என்றால் புதுக்கோட்டையில். நடுவர் குழுவில் செய்தித்துறை அதிகாரிக்கு நாற்காலி கூடாது. அண்டை நாட்டுத் தூதரகம் போன் செய்தாலும் நிகழ்ச்சி நிரல் மாறக்கூடாது. இது கற்பனை இல்லை: 2013இல் காத்மாண்டுவில் தெற்காசிய ஆவணப்பட விழாவில் ‘நோ ஃபயர் ஸோன்’ உட்பட இலங்கைப் போரைப் பற்றிய படங்களை நிகழ்ச்சியிலிருந்து நீக்கும்படி, இலங்கைத் தூதரகம் கேட்டதால், நேபாள அதிகாரிகள் நெருக்கினார்கள். நெருக்கடி எந்தத் திசையிலிருந்தும் வரும்.

இன்னொரு ஷரத்தும் உண்டு, அதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். பரிசு பெற்ற படத்தின் நல்ல பிரதி ஒன்றை அரசு ஆவணக் காப்பகத்தில் வைக்க வேண்டும். எந்தப் பள்ளிக்கூடம் கேட்டாலும் கொடுக்க வேண்டும். யுகாந்தர் படங்களை நாற்பது வருடங்களுக்குப் பிறகு மீட்டெடுத்துப் புதுப்பித்தது எங்கே தெரியுமா? பெர்லினில், ஆர்சனல் என்ற திரைப்பட நிறுவனத்தில். நம் பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் உலகம் முழுக்க அலைந்து காந்தியின் அசையும் படங்களைச் சேகரித்து 1940இல் தமிழில் ஒரு ஆவணப்படம் வெளியிட்டார். இந்தியாவில் அதுவரை யாரும் செய்திராத காரியம். அந்தத் தமிழ்ப் பதிப்பு இன்று கிடைக்கவில்லை. அதன் ஆங்கில வடிவம் ஒன்றை வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார். தமிழ்ப் பதிப்பை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

தொகை எவ்வளவு என்பதை இந்த ஷரத்துகளுக்கெல்லாம் யாராவது சம்மதித்த பிறகு பேசிக்கொள்ளலாம். திருவனந்தபுரம் விழாவுக்கு டெலிகேட் பதிவு தொடங்கும்போது தெரிவிப்பதற்காக வாசலில் ஒரு தம்பி பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார். போகும்போது அவரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.